அதே சாட்சி

கர்த்தருடைய வல்லமைக்குள் வாழ்கிற மனுஷனை இந்தப் பூமியில் எந்த அதிகாரமும் மிரட்ட முடியாது. ராஜாக்கள் எழும்பி வரட்டும், சேனைகள் சுற்றி வளைக்கட்டும், அவன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். சாட்சியண்ணன் இதைச் சபையில் மைக் பிடித்துப் பலமுறை சொல்லியிருக்கிறார். சேனைகள் இதுவரை வராததால் சோதித்துப் பார்க்க வாய்ப்பு அமையவில்லை. முதலாளியின் கார் ஹாரன் மட்டும் தினமும் வரும். அது ஒலித்து ஓய்வதற்குள் அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வாயைத் துடைத்தபடி கேட்டருகே நிற்பார்.

அவர் வேலை பார்த்தது ஒரு சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்துத் திருப்பி அனுப்புகிற இடம். நாற்பது பேர் வேலை செய்தார்கள். அவர் மேற்பார்வையாளர். சட்டைப் பையில் ஒரு பேனா, ஒரு விசில், ஒரு சின்ன வேதபுத்தகம். மூன்றில் அதிகம் பயன்பட்டது விசில்.

சாட்சியண்ணன் என்ற பெயர் சபையிலிருந்து வந்தது. ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் கூடுகிற சபை அது. ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன்னால், அந்த வாரம் கர்த்தர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து சொல்லலாம். அதற்குப் பெயர் சாட்சி. மற்றவர்கள் கூச்சத்தோடு வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, தொலைந்த சாவி கிடைத்தது என்று இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். இவருக்கு அந்த வறுமை கிடையாது. பஸ் கிடைத்தால் அது சாட்சி. பஸ் கிடைக்காமல் நடந்துபோய் உடம்பு இளைத்தால் அது அதைவிடப் பெரிய சாட்சி. அவர் மைக்கைத் தொட்டதும் தாய்மார்கள் கைப்பிள்ளைகளை மடியில் வசதியாகப் படுக்க வைத்துக்கொள்வார்கள்.

அதற்காக அவரை வேஷக்காரர் என்று சொல்லிவிட முடியாது. விடியுமுன் எழுந்து முழங்கால்போட்டு ஜெபிப்பார், யாரும் பார்க்காதபோதும். அழுவார். அந்தக் கண்ணீரில் கலப்படம் இல்லை. இதுதான் இந்தக் கதையில் உள்ள சங்கடம்.

ஆலையின் நடுவில் ஓர் இஸ்திரி உருளை இருந்தது. ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு. உள்ளே நீராவி ஏறி, தொட்டால் தோலை விடாத சூடு. இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்து அதன் வாய்க்குள் ஊட்ட வேண்டும். வாயின் குறுக்கே ஒரு காப்புக் கம்பி. கை கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால் கம்பியில் இடிக்கும், இடித்த மாத்திரத்தில் உருளை நின்றுவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கம்பிக்குக் கைக்கும் விரிப்பின் தடித்த ஓரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எது இடித்தாலும் நிறுத்தியது. ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை நிறுத்தியது.

ஒருநாள் முதலாளி வந்து பார்த்தார்.

"என்ன இது, தும்மினாக்கூட நிக்குது? ஏதாவது பண்ணுங்க."

"ஏதாவதுன்னா, சார்..."

"அதையும் நான் சொல்லணுமா? அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

அவர் போன பிறகு சாட்சியண்ணன் ஒரு கிழிந்த ஆஸ்பத்திரி விரிப்பிலிருந்து, நீலக்கரை போட்ட ஓரத்தை நீளமாகக் கிழித்தெடுத்தார். காப்புக் கம்பியைப் பின்னால் இழுத்து, அசையாதபடி சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். மூன்று முடிச்சு. பிறகு சூடில்லாத பகுதியாகப் பார்த்து இரண்டு கைகளையும் இயந்திரத்தின்மேல் வைத்து, கண்ணை மூடி, இதில் வேலை செய்கிற ஒவ்வொரு பிள்ளையின் விரலுக்கும் நீரே காவல் என்று உரக்க ஜெபித்தார்.

உருளையின் வலப்பக்க மூலையைப் பிடிப்பவள் அவருடைய மனைவியின் தங்கை. வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அவர்தான் அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டிருந்தார்.

"என்ன மாமா, கம்பியக் கட்டிட்டீங்க?"

"கர்த்தர் பாத்துப்பார்ம்மா."

"அவர் பாத்துக்கட்டும். நான் கைய எங்க வச்சுக்கிறதுன்னு சொல்லுங்க."

"விசுவாசத்தோட வேல செய்."

"சரி. விசுவாசத்துக்குக் கையுறை ஏதாவது குடுப்பாங்களா?"

பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். சாட்சியண்ணன் விசில் ஊதினார்.

மூன்று மாதம் உருளை நிற்காமல் ஓடியது. முதலாளி ஒருநாள் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு அவர் மைக்கைப் பிடித்தபோது குரல் தழுதழுத்தது.

"பிரியமானவங்களே, எங்க ஆலையில ஒரு மெஷின். அதுல ஒரு காப்புக் கம்பி. மனுஷன் வச்ச கம்பி! மூணு மாசத்துக்கு முன்னாடி அந்தக் கம்பிய நானே என் கையால கட்டிப்போட்டேன். யார நம்பி?"

"இயேசுவை!" என்றது சபை.

"இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கு ஒரு நகம் உடையல, பிரியமானவங்களே. ஒரு நகம்!"

நூற்றைம்பது பேர் கைதட்டினார்கள். போதகர் அல்லேலூயா சொன்னார். கீபோர்டு வாசிப்பவர் சமயம் பார்த்து ஒரு சுருதியை இழுத்துவிட்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னவள் தன் நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை முற்பகலில், அவளுடைய வலது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது.

சாட்சியண்ணன் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். முதலாளியின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆலை வெறிச்சென்று ஆனது. அந்த நேரத்தில் அவர் முழங்கால்போட்டு ஜெபித்தார் என்று எழுத ஆசைதான். அவர் முழங்கால்போட்டது உண்மை, கம்பியைக் கட்டியிருந்த முடிச்சு கீழ்ப்பக்கம் இருந்ததால். மூன்று மாத நீராவியில் ஊறிக் காய்ந்து அது கல்லாக இறுகியிருந்தது. விரலால் முடியவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார். துணியைச் சுருட்டிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு, கம்பியை முன்னால் தள்ளி, ஒரு தடவை தட்டிப் பார்த்தார். சரியாக வேலை செய்தது.

சின்னவளுக்கு மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் மனைவி துவைக்கப் போடுமுன் பேன்ட் பைகளைத் துழாவினாள். நீலக்கரைத் துணியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்ன?"

"சும்மா கீழ கிடந்தது."

"சும்மா கிடந்ததுல பல்லுத்தடம் எப்படி வந்துச்சு?"

அவள் அதை மடித்து, அவர் தினமும் படிக்கிற வேதபுத்தகத்துக்குள் செருகி வைத்தாள். மறுநாள் அது அங்கே இல்லை. எங்கே போயிற்று என்று அவள் கேட்கவுமில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு போடும்போது தட்டைச் சத்தமாக வைத்தாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. விபத்துக்குக் காரணம் பணியாளரின் கவனக்குறைவு. காப்புக் கம்பி நல்ல நிலையில் இருந்தது. விசாரணை முடிந்ததும் அந்தப் பணியாளர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். நாற்பது பேரும் அதைப் படித்தார்கள். கம்பி மூன்று மாதம் கட்டிக்கிடந்தது நாற்பது பேருக்கும் தெரியும். தனித்தனியாகக் கேட்டால், அண்ணன் சொன்னா நாங்களும் சொல்றோம் என்றார்கள்.

பிறகு ஒருநாள் சாட்சியண்ணனின் வீட்டுக்குத் தபாலில் ஒரு நீள உறை வந்தது. அவர் பிரித்து முதல் வரியைப் படித்தார். "வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சாட்சியளிக்கத் தாங்கள் அழைக்கப்படுகிறீர்கள்." கடிதத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்றார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"எங்கயோ பெரிய கூட்டம் போல. முத்திரை எல்லாம் போட்டு அனுப்பியிருக்காங்க. எந்தச் சபைன்னு தெரியல. வெள்ளச் சட்டைய இஸ்திரி போட்டு வை."

அவள் கடிதத்தை வாங்கி, இரண்டாவது வரியிலிருந்து படித்தாள்.

"தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம்கிற சபை," என்றாள். "அங்க மைக் இருக்காது."

சின்னவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்காள் வீட்டுக்குத்தான் வந்திருந்தாள். வேறு போக்கிடம் இல்லை. வலது கையில் தலையணை அளவு கட்டு. இடது கையால் டீ குடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள், பாதி டீ சட்டையில் வழியும். கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரே ஒரு உதவி."

"சொல்லும்மா. ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஜெபம் இருக்கட்டும். என்னக் கவனம் இல்லாதவன்னு எழுதிட்டாங்க. அந்த எழுத்த வச்சுக்கிட்டு ரெண்டு விரலோட நான் எந்த வாசல்ல போய் வேல கேக்கறது? நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்காகப் பொய் சொல்லுங்கன்னும் கேக்கல. அன்னைக்குச் சபையில சொன்னீங்கல்ல, கம்பிய நானே என் கையால கட்டினேன்னு? அதே சாட்சி. அல்லேலூயாவ மட்டும் எடுத்துட்டு அங்க சொல்லுங்க. போதும்."

அவர் மேலே பார்த்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"ஜெபிச்சுப் பாக்கறேன்."

"இது ஜெபிச்சுப் பாக்கற விஷயமா மாமா? ஆமான்னு சொல்ற விஷயம்."

"நீ நன்றி சொல்லக் கத்துக்கணும்மா. கையே போயிருக்கும். கர்த்தர் ரெண்டு விரல மிச்சம் வச்சிருக்கார் பாரு."

"மிச்சம் வச்சது அவரு. எடுத்தது யாரு?"

"சத்துரு," என்றார் சாட்சியண்ணன்.

"சத்துருவா முடிச்சுப் போட்டான்?"

சமையலறையில் ஒரு தட்டு சத்தமாக வைக்கப்பட்டது.

மறுநாள் முதலாளி அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதினாறு வருடத்தில் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தவருக்கு அதன் மென்மை பிடிபடாமல் நுனியிலேயே இருந்தார்.

"நீங்க பக்தியுள்ள ஆளு," என்றார் முதலாளி. "உங்களப் போய் பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லுவேனா? எனக்கே பயமா இருக்கும். தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க. அது போதும்."

எனக்குத் தெரியுமே சார் என்ற வார்த்தைகள் சாட்சியண்ணனின் தொண்டைவரை வந்து, அங்கே காலியிடம் இருப்பதைப் பார்த்துத் தங்கிவிட்டன.

"நாப்பது குடும்பம்," என்றார் முதலாளி. "ஆலைய மூடிட்டா எங்க போகும்? யோசிச்சுப் பாருங்க. அப்புறம், உங்க கடவுள்கிட்ட எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்க. மனசே சரியில்ல."

இந்தக் கடைசி வாக்கியம்தான் சாட்சியண்ணனைக் கவிழ்த்தது. பதினாறு வருடமாகக் கார் கண்ணாடியைக்கூட இறக்காத மனுஷன் ஜெபம் கேட்கிறார். ஓர் ஆத்துமா வாசலில் வந்து நிற்கிறது. இந்த நேரத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தால் அந்த ஆத்துமா அப்படியே திரும்பிப் போய்விடாதா? சின்னவளுக்குப் போனது மூன்று விரல்கள்தான். ஆத்துமா என்றால் முழுசு. அறையைவிட்டு வெளியே வரும்போது அவருக்குத் தான் ஒரு மிஷனரி என்றே தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஆனாலும் மனசாட்சி விடவில்லை. அதனிடம் அவரும் நியாயமாகவே நடந்துகொண்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் உபவாசம் என்று அறிவித்தார். தண்ணீர் மட்டும். சத்தியத்தைச் சொல்ல வல்லமை தாரும் ஆண்டவரே என்று முழங்காலில் கிடந்து மன்றாடினார். பக்கத்து அறையில் சின்னவள் இடது கையால் தலை வாரக் கற்றுக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் சத்தத்தைக் கூட்டினார்.

"அக்கா," என்றாள் சின்னவள், "ஆமாம்ங்கறது மூணே எழுத்து. அதுக்கு மூணு நாள் பட்டினி கிடக்கணுமா?"

"ஒரு எழுத்துக்கு ஒரு நாள்," என்றாள் அக்காள். அவள் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஒன்று நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். அழுது ஓய்ந்து, வார்த்தைகள் தீர்ந்து, நெற்றியைக் கட்டில் விளிம்பில் சாய்த்துக்கொண்டு இருந்தபோது உள்ளே எல்லாம் அடங்கியது. தெரு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சாதாரணமாகச் சொன்னதுபோல, சொல்லிவிடு என்று அவருக்குப் பட்டது. பயம் இல்லை. முதலாளி முகம் நினைவுக்கு வந்தது, அதற்கும் பயம் இல்லை. எழுந்துபோய், ஆமாம், நான்தான் கட்டினேன் என்று சொல்லி, வேலையை இழந்து, வீட்டுக்கு வந்து மனைவி கையால் சாப்பிடலாம். மிக எளிதாக இருந்தது.

அதுதான் அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. கர்த்தருடைய வல்லமை இறங்கும்போது எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். உடம்பு நடுங்க வேண்டும். சத்தம் எழும்ப வேண்டும். கீபோர்டு இருந்தால் நல்லது. இது ஏதோ பசி மயக்கமாக இருக்கலாம். ஆண்டவரே, இது உம்முடைய சத்தமானால் இன்னொரு அடையாளம் காட்டும் என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது போலும், மறுபடி ஒன்றும் வரவில்லை. அவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் நிம்மதி இருந்ததை அவரே கவனித்தார், உடனே அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

விசாரணை நடந்தது மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறையில். ஒரு மேஜை, அதன் பின்னால் அதிகாரி, பக்கத்தில் கணினியில் தட்டச்சு செய்கிற ஒரு பெண். சுவரோரம் முதலாளியும் அவர் வக்கீலும். இந்தப் பக்கம் சின்னவளும் அக்காளும். அதிகாரிக்கு ஜலதோஷம். அந்த வாரத்தில் அவர் விசாரிக்கிற நாலாவது விபத்து இது.

"மேற்பார்வையாளர் நீங்கதானே? விபத்து நடந்தப்ப காப்புக் கம்பி எந்த நிலையில இருந்துச்சு?"

"ஐயா, நான் கர்த்தருக்குப் பயந்து நடக்கிறவன்."

"சந்தோஷம். கம்பி?"

"பதினாறு வருஷமா அந்த ஆலையில ஒவ்வொரு காரியத்தையும் ஜெபத்தோடதான்..."

"சார்," என்றாள் சின்னவள், "நான் ஒண்ணு கேக்கலாமா?"

வக்கீல் எழுந்தார். அதிகாரி மூக்கைச் சிந்திக்கொண்டே, கேளுங்க என்று கையைக் காட்டினார்.

"மாமா, விபத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழம, சபையில மைக் பிடிச்சு என்ன சொன்னீங்க? அதை மட்டும் இவருக்குச் சொல்லுங்க."

சாட்சியண்ணன் கைக்குட்டையை எடுத்தார். சபையில் நூற்றைம்பது பேர் முன்னால் மைக்கில் கணீரென்று வந்த குரல், ஆறு பேர் முன்னால் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அது... ஆவிக்குரிய அர்த்தத்துல சொன்னது ஐயா."

தட்டச்சுப் பெண்ணின் கை நின்றது. "ஆவின்னா, சார்? மெஷின்ல வர்ற நீராவியா?"

"இல்லம்மா. பரிசுத்த ஆவி."

"அது அந்த மெஷின்ல இருக்கா?" என்று அதிகாரி கேட்டார். கிண்டல் இல்லை. அவருடைய படிவத்தில் இயந்திரத்தின் விவரம் என்று ஒரு பகுதி இருந்தது, அதை நிரப்ப வேண்டும்.

"எல்லா இடத்துலயும் இருக்கார் ஐயா."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பாருங்க. கம்பி கட்டியிருந்துச்சா, இல்லையா? ஒரே வார்த்த."

சாட்சியண்ணன் சின்னவளைப் பார்க்கவில்லை. முதலாளியையும் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துவிட்டார். அவள் தலையைக்கூட அசைக்காமல், கடையில் எடைத்தட்டைப் பார்ப்பதுபோல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அவ்வளவு எளிதாக இருந்த அந்த வார்த்தை மறுபடி கிட்டே வந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"கர்த்தர் அறிவார்," என்றார்.

சபையில் இதற்குக் கட்டாயம் ஒரு ஆமென் விழுந்திருக்கும். இங்கே விசைப்பலகையின் சத்தம் மட்டும் டக் டக் என்று கேட்டது. தட்டச்சுப் பெண் முடித்துவிட்டுத் தாளை அச்செடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கேள்வி: விபத்தின்போது காப்புக் கம்பி கட்டப்பட்டிருந்ததா? பதில்: சாட்சிக்குத் தெரியாது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு நன்றாகத் தெரியும், தான் சொன்ன பதில் அது இல்லை. தாளின் மேல் அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவர் மெதுவாக ஏறிட்டுப் பார்த்து, "ஒரு சின்னத் தப்பு இருக்கும்மா," என்றார்.

சின்னவள் நாற்காலியில் நிமிர்ந்தாள். வக்கீலின் கால் ஆட்டம் நின்றது.

"மேற்பார்வையாளர்ங்கறதுல ற் வரும். நீங்க ர் போட்டிருக்கீங்க."

அந்தப் பெண் மன்னிக்கணும் சார் என்று திருத்தி, புதுத் தாள் எடுத்துக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அழைக்கப்பட்ட நாலு பணியாளர்களும் அண்ணன் சொன்னதையே சொன்னார்கள். பணியாளரின் கவனக்குறைவு என்று அதிகாரி எழுதி முடித்தபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. கீழே முதலாளி எல்லாரையும் கடந்து தன் காரில் ஏறினார். கண்ணாடி ஏறியே இருந்தது. ஜெபத்தைப்பற்றி அவர் அதன் பிறகு பேசவில்லை.

சின்னவள் அன்று மாலையே தன் துணிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூட வேலை செய்த ஒருத்தியின் அறையில் தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். பையின் ஜிப்பை மூட அவளால் முடியவில்லை. சாட்சியண்ணன் உதவ எழுந்தார்.

"வேணாம் மாமா," என்றாள். "உங்களுக்கு எதுக்கு சிரமம். திறந்தே இருக்கட்டும்."

ஞாயிறு அன்று அவள் சபைக்கு வந்தாள். வர மாட்டாள் என்று அவர் நம்பியிருந்தார். கடைசி வரிசையில், வழக்கமான நாற்காலியில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. ஜெபம் தொடங்கியபோது கண்ணை மூடி, உதட்டை அசைத்து, அவளும் ஏதோ கேட்டுக்கொண்டாள்.

அவளைப் பார்க்காமல் இருக்க ஒரே வழி முழங்கால்போடுவதுதான். சாட்சியண்ணன் முதல் பாட்டிலேயே முன்வரிசை நாற்காலிக்குக் கீழே முழங்கால்போட்டு, முகத்தை இருக்கையில் புதைத்துக்கொண்டார். இரண்டாவது பாட்டு முடிந்தது. மூன்றாவது முடிந்தது. எல்லாரும் உட்கார்ந்தார்கள், அவர் எழுந்திருக்கவில்லை. பார்த்தவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக் காட்டினார்கள். என்ன பாரம், என்ன பாரம் என்று ஒரு பெரியவர் உருகினார். ஒரு மணி நேரத்துக்குமேல் அப்படியே கிடந்தார்.

போதகர் மைக்கை எடுத்தார். "நம்ம அண்ணன் இந்த வாரம் ஒரு பெரிய சோதனையில நின்னு ஜெயிச்சு வந்திருக்காருன்னு கேள்விப்பட்டேன். அதிகாரிகளுக்கு முன்னாடி கர்த்தருடைய நாமத்தச் சொல்லியிருக்கார். அண்ணே, வாங்க. உங்க வாயாலயே அந்தச் சாட்சியச் சொல்லுங்க."

நூற்றைம்பது பேர் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் கை தட்டாதவள் ஒருத்திதான். சாட்சியண்ணன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். ஒரு அடி வைத்தார். அடுத்த அடி வைப்பதற்குள் மேடைக்கு முன்னால் அப்படியே சரிந்து விழுந்தார்.

"வல்லமை!" என்று யாரோ கத்தினார்கள். "வல்லமை இறங்கிடுச்சு!"

சபை எழுந்தது. கீபோர்டு உச்சத்தில் ஏறியது. போதகர் ஓடிவந்து அவர்மேல் கையை நீட்டி, தொடாதீங்க, யாரும் தொடாதீங்க, ஆண்டவர் வேலை செய்யறார் என்றார். பெண்கள் அழுதார்கள். ஒருவர் மொபைலில் படம் பிடித்தார். சாட்சியண்ணன் தரையில் கிடந்தபடி ஒரு கண்ணை இடுக்கித் திறந்து பார்த்தார், இனி சாட்சி சொல்ல வேண்டியதில்லை என்பது புரிந்ததும் மூடிக்கொண்டார்.

மனைவி வந்து பக்கத்தில் குனிந்தாள். எல்லாரும் அவள் ஜெபிக்கிறாள் என்று நினைத்தார்கள்.

"என்ன, கால் மரத்துப்போச்சா?" என்று கேட்டாள்.

மரத்துத்தான் போயிருந்தது. இடது கால், முழங்காலுக்குக் கீழே.